லிவர்பூல் உப்பும் என் இங்கிலீஷும்

கல்கத்தாவுக்குப் போய் உப்பு விற்றுவிட்டு வரும்படி எங்கள் முதலாளி என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், தூத்துக்குடியில் அவரிடம் வேலை பார்த்தவர்களில் எனக்கு மட்டும்தான் இங்கிலீஷ் தெரியும் என்று அவர் நம்பியதுதான். அந்த நம்பிக்கையை உண்டாக்கியவன் நான். ‘எஸ்’, ‘நோ’, ‘டுமாரோ’ ஆகிய மூன்று சொற்களை வெவ்வேறு முகபாவத்தோடு சொல்லியே பல வருஷமாகத் துறைமுகத்தில் ஒப்பேற்றி வந்தேன்.

வங்காளத்தை இரண்டாகப் பிரித்த சமயம் அது. அந்தக் கோபத்தில் வங்காளிகள் சீமைத் துணியையும் சீமைச் சர்க்கரையையும் சீமை உப்பையும் தொடமாட்டோம் என்று சபதம் செய்திருப்பதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. வங்காளம் முழுவதும் இங்கிலாந்திலிருந்து, லிவர்பூல் துறைமுகம் வழியாக வரும் உப்பைத்தான் சாப்பிடுகிறது என்பதை முதலாளி அன்றுதான் அறிந்தார். நானும் அன்றுதான் அறிந்தேன். ஆனால் வெகுநாளாகத் தெரிந்தவன்போலத் தலையை ஆட்டினேன்.

எங்கள் உப்பளத்தில் போன வருஷத்து உப்பே பனையோலை மூடி அம்பாரமாகக் கிடந்தது. அது நகராவிட்டால் மழைக்குப் பிறகு பாத்திகளில் ஆள் இறக்குவதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் ரயிலுக்குப் புறப்பட்ட அன்று முத்துமாரி வந்து நின்றாள். உப்பு வாரும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. புருஷன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். அவளும் இரண்டு பிள்ளைகளோடு போவதா இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, கல்கத்தாக்காரக நம்ம உப்பத் தின்னுவாகளா?”

“அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க” என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல் நான் சொல்லும் விஷயங்களைத்தான் மனிதர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள்.

முதல் நாள் கல்கத்தா என்னை ஊருக்குள் லேசில் விடவில்லை. ஹவுராவில் இறங்கி ஆற்றைக் கடக்க வேண்டும். அங்கே உள்ள பாலம் படகுகளின் மேல் மிதக்கிறது. கப்பல் வந்தால் நடுவே திறந்து வழிவிடுவார்கள். என் குதிரைவண்டி பாலத்தை நெருங்கியதும் திறந்துவிட்டார்கள். சாக்குமூட்டைகளும் மாடுகளும் பல்லக்குகளும் ஆபீஸுக்குப் போகிறவர்களும் கலந்து நிற்க, நடுவே நான், மடியில் உப்பு மாதிரிப் பெட்டியோடு. ஒரு பெரிய கப்பல் அவசரமே இல்லாமல் நகர்ந்தது. அதில் என்ன சரக்கு என்று எனக்குத் தெரிந்த துறைமுக இந்துஸ்தானியில் வண்டிக்காரனைக் கேட்டேன்.

“விலாயத்தி உப்பு, பாபு, சீமையிலிருந்து வருவது. மேலே சால்கியாவில் கிடங்குகள் இருக்கின்றன” என்றான்.

கல்கத்தா காத்துக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னதில் பாதி உண்மைதான். நானும் கல்கத்தாவும் சேர்ந்து லிவர்பூல் உப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

பவானிப்பூரில் சிவசங்கரம் பிள்ளை வீட்டில் தங்கினேன். திருநெல்வேலிக்காரர், எங்களுக்குத் தூரத்து உறவு. அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸில் உத்தியோகம். அவர் மனைவி செல்லம்மாளுக்கு வங்காளி அவரைவிட நன்றாக வரும். அக்கம்பக்கத்துப் பெண்களை அக்கா என்பதற்கு ‘தீதி’ என்று கூப்பிட்டு மாடிக்கு மாடி வம்பளக்கும் அளவுக்கு வரும். தெருவெல்லாம் கடுகெண்ணெய் நெடி. அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் புளிக்குழம்பு மணந்தது. எனக்குக் கண்ணீர் வராத குறை. இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சாப்பாட்டுக்கு ருசியே உப்புத்தான் என்றும், சீமை உப்பில் வெறும் காரல்தான் இருக்கும் என்றும் ஒரு பிரசங்கம் செய்தேன்.

செல்லம்மாள் அகப்பையோடு நின்று கேட்டாள். “அண்ணாச்சி, நீங்க ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சது லிவர்பூல் உப்புப் போட்ட ரசந்தான். நம்ம உப்பு இங்க எங்க கெடைக்கி?”

சிவசங்கரம் பிள்ளை சிரிக்கவில்லை. அதிலிருந்தே அவர் எவ்வளவு நல்லவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

சாப்பிட்டு முடித்ததும் என் மாதிரிப் பெட்டியைத் திறந்தேன். கல்கத்தாவின் ஈரக்காற்றில் உப்பு வியர்த்துப் போய், அடியில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் செல்லம்மாள் தன் வீட்டு உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். மாவுபோல வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் உப்பு பழுப்பாக, பல் உடையும் அளவுக்குக் கல்கல்லாக இருந்தது. சொந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு நிறுத்திப் பார்ப்பதுபோல் இருந்தது.

“பக்கத்துல இருக்க தூத்துக்குடி உப்பு வெல கூட. ஏழு கடலுக்கு அங்கிட்டு இருந்து வர உப்பு வெல கொறைவு. இது எப்படி?” என்று கேட்டேன்.

“இதுல அதிசயம் ஒண்ணுமில்ல வே” என்றார் சிவசங்கரம் பிள்ளை. “கப்பல் எதுக்கு இங்க வருது? இங்கேருந்து சணலும் தேயிலையும் ஏத்திட்டுப் போகத்தான். வரும்போது வெறுங்கப்பலா வந்தா அலையில கவுந்துரும். அடியில கனம் வேணும். மண்ண ஏத்துறதுக்குப் பதிலா உப்ப ஏத்துதான். கெடச்ச கூலி லாபம். நம்ம உப்புக்குன்னா தனியா ஒரு கப்பல் பிடிக்கணும்லா?”

“சர்க்கார் இதுக்கு ஒண்ணும் செய்யாதா?”

“ரெண்டு உப்புக்கும் ஒரே வரி. யாருக்கும் தட கெடையாது, யாருக்கும் சலுக கெடையாது. அதுக்குத்தான் ஃப்ரீ ட்ரேடுன்னு பேரு. இந்த ஊர்க் கடக்கரையிலயும் ஒரு காலத்துல உப்புக் காய்ச்சுனாக. இப்ப காய்ச்சுனா போலீஸ் வரும்.”

ஃப்ரீ ட்ரேடு என்றால் ஏழைகளுக்கு இலவசமாகச் சரக்குக் கொடுப்பது என்று நான் தூத்துக்குடியில் பல பேருக்கு விளக்கியிருந்தேன். அந்த முகங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

இரண்டாம் நாள் மின்சார டிராமில் ஏறினேன். மாடு இல்லாமல், குதிரை இல்லாமல், புகையும் இல்லாமல் வண்டி தானாக ஓடுகிறது. ஏறுவதில் கஷ்டமே இல்லை. இறங்குவதற்கு அது நிற்கும்வரை பொறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வண்டி ஓடும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினேன். கல்கத்தாவின் மண்ணை அத்தனை பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். என்னைத் தூக்கிவிட்ட ஒரு கிழவர் ஏதோ சொன்னார். பிறகு செல்லம்மாளிடம் அந்தச் சொற்களைச் சொல்லிக் காட்டி அர்த்தம் கேட்டேன். “கண்ண எங்க வச்சிட்டு வந்தேன்னு கேட்டிருக்காரு” என்றாள்.

மண் ஒட்டிய வேட்டியோடுதான் ஹரிபத பாபுவைப் பார்க்கப் போனேன். பெரிய உப்பு மொத்த வியாபாரி. சுதேசிக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிறவர். என் வேட்டியைப் பார்த்து, அளத்திலிருந்து நேரே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலும். எழுந்து நின்று கும்பிட்டார். வெல்லம் போட்ட சந்தேஷ் என்ற பால் இனிப்பு வந்தது. சீமைச் சர்க்கரை கலக்காதது என்று எனக்குப் புரியும்படி இந்துஸ்தானியில் சொன்னார். தேசத்துக்காக எட்டுச் சாப்பிட்டேன்.

“ஒரு கப்பல் உப்பு வாங்கிக்கொள்கிறேன். நாளை கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டும்” என்றார்.

“எஸ்” என்றேன்.

வடக்குக் கல்கத்தாவில் ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் கூட்டம். கழுத்தில் மாலை போட்டார்கள். துறைமுகத்தில் காதில் விழுந்த சொற்களையெல்லாம் கூட்டி நான் பேசிய இங்கிலீஷ் இவ்வளவுதான்: “மை சால்ட். சன் சால்ட். சீ சால்ட். பூர் வுமன் மேக். யூ ஈட். வுமன் ஈட்.” ஹரிபத பாபு அதை வங்காளியில் மொழிபெயர்க்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஜனங்கள் அழுதார்கள். என் பேச்சு இவ்வளவு உருக்கமானது என்று எனக்கே தெரியாமல் போயிற்றே என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சர்க்கார் உத்தியோகஸ்தர் இந்தக் கூட்டங்களுக்கு வரக்கூடாது. சிவசங்கரம் பிள்ளை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் நின்றிருந்தார். திரும்பும்போது டிராமில் சொன்னார்.

“நீரு என்ன சொன்னீரோ அது வேற. தன் கிடங்குல இருக்க ஒவ்வொரு கல்லும் தூத்துக்குடி உப்புத்தான்னு நீரு சத்தியம் பண்ணுனதா அந்தாளு சொன்னாரு.”

“இன்னும் ஒரு மூட்டைகூட வரலியே.”

“அதத்தான் நானும் நெனச்சேன்.”

மறுநாள் காலை ஆற்றுக்கு அந்தக் கரையில் சால்கியாவுக்குப் போனேன். சிவசங்கரம் பிள்ளை ஆபீஸுக்குப் போகாமல் கூட வந்தார். ஹரிபத பாபுவின் கிடங்கு வாசலில் புதிய சாக்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ‘டூட்டிகொரின்’ என்று நீல மையில் முத்திரை. ஒன்றின் ஓரத்தைப் பிரித்து ஒரு கல்லை நாக்கில் வைத்தேன். இங்கிலீஷில்தான் நான் போலி. உப்பில் இல்லை. அது எங்கள் உப்பே அல்ல.

மூட்டை தூக்குகிறவர்களின் சர்தார் பிஷு என்பவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னான்: “ஜெர்மனிக் கப்பலில் வந்தது. சாக்கு மட்டும் இங்கே மாற்றினோம். என் தாத்தா மேதினிப்பூர்க் கடற்கரையில் உப்புக் காய்ச்சினவர், பாபு. நான் சுமக்கிறேன். எந்த ஊர் உப்பானாலும் மூட்டை ஒரே கனம்தான்.”

கொதித்துப்போய் ஹரிபத பாபுவிடம் போனேன். அவர் கொதிக்கவில்லை. சிவசங்கரம் பிள்ளை நடுவிலிருந்து மொழிபெயர்த்தார்.

“உங்களுக்கு ஒரு கப்பல் ஆர்டர். எனக்கு உங்கள் ஊர்ப் பெயர். ஜனங்களுக்குச் சீமை உப்பைச் சாப்பிடவில்லை என்கிற திருப்தி. இதில் யாருக்கு நஷ்டம்?”

நான் அப்போது என்ன சொன்னேன் என்பதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். “இரண்டு கப்பலாக வாங்கிக்கொள்ள முடியுமா?” என்று கேட்டேன். சிவசங்கரம் பிள்ளை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதையும் ஒழுங்காக மொழிபெயர்த்தார். ஒன்றுதான் முடியும், இன்னும் நாலு கூட்டத்தில் பேச வேண்டும் என்று பதில் வந்தது. ஒப்புக்கொண்டேன். முத்துமாரிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாலையும் பிடித்திருந்தது என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த கூட்டத்தில் பெண்களும் தனிப் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். செல்லம்மாளும் தன் தீதிமார்களோடு வந்திருந்தாள். நான் பேசி முடித்ததும், கிழிந்த கோட்டுப் போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுந்து நின்றார். அவர் சொன்னதைச் சிவசங்கரம் பிள்ளை என் காதருகே வந்து சொன்னார்.

“இவர் வீட்டுல ஒரு மாசமா உப்பில்லாமச் சாப்பிடுறாங்களாம். சீமை உப்ப வாங்க மனசு வரலயாம். சுதேசி உப்ப வாங்கக் கையில காசு காணாதாம். இன்னைக்குக் குடைய வித்துட்டு வந்திருக்காரு. இந்த உப்ப வாங்குனா அந்தப் பொம்பளைகளுக்குக் கூலி போய்ச் சேருமான்னு உம்மகிட்டக் கேக்காரு.”

வெளியே நல்ல மழை. அந்த மனிதர் நனைந்தே வந்திருந்தார். தலைமுடியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஹரிபத பாபுவைப் பார்த்தேன். ‘எஸ்’ என்று சொன்னால் போதும். பல வருஷமாக என்னைக் காப்பாற்றிய சொல்.

“நோ” என்றேன். “பேக் மை. சால்ட் நோ மை.” சாக்கில் இருப்பது எங்கள் ஊர்ப் பெயர், உள்ளே இருப்பது எங்கள் உப்பல்ல என்று அர்த்தம்.

ஹரிபத பாபு எழுந்து அதைத் தன் வழக்கப்படியே மொழிபெயர்த்தார். கூட்டம் ஆரவாரமாகக் கை தட்டியது. வாத்தியார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். உண்மையைச் சொல்லியும் மாலை விழுந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அப்போது சிவசங்கரம் பிள்ளை தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் சொன்னதை உள்ளபடியே வங்காளியில் நாலே வாக்கியத்தில் சொன்னார். கைதட்டல் நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கேள்வி கேட்டார்கள். செல்லம்மாள் எழுந்து, புருஷன் சொன்னதை இன்னும் பெரிய குரலில் இன்னொரு முறை சொன்னாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. செல்லம்மாள் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்து வாசல் வழியாக இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. சிவசங்கரம் பிள்ளைக்கு இரண்டு நாளில் ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். சுதேசிக் கூட்டத்தில் எதற்காக இருந்தீர் என்ற கேள்விக்கு, ‘மொழிபெயர்ப்பில் இருந்த பிழையைத் திருத்துவதற்காக’ என்று எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு எச்சரிக்கையோடு விட்டுவிட்டாராம். அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஊருக்குப் போய்விடுகிறேன் என்று பெட்டியைக் கட்டினேன்.

“இருங்க அண்ணாச்சி” என்றாள் செல்லம்மாள். “விக்க வந்தத விக்காமப் போனா நாங்க மாட்டிக்கிட்டதுக்கு என்ன அர்த்தம்?”

வேறு யாராவது வாங்குவார்களா என்று விசாரிக்க மூவரும் சால்கியாவுக்குப் போனோம். கிடங்கு பூட்டியிருந்தது. பிஷுவும் அவன் ஆட்களும் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கிடங்குக்கு அடுத்த கப்பல் வராது என்றும், மூன்று நாளாகத் தங்களுக்குக் கூலி இல்லை என்றும் சொன்னான். அதற்குக் காரணம் நான் என்பதையும் மரியாதையாகவே சொன்னான். எனக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. நான் யாருக்கு நல்லது செய்யப் போனாலும் வேறு யாருக்கோ அடுப்பு அணைந்துவிடுகிறது.

“உங்கள் உப்பைக் காட்டுங்கள்” என்றான் பிஷு. மாதிரிப் பெட்டியில் மிச்சமிருந்த கற்களை எடுத்துக் கையில் உருட்டினான். “பாபுமார்கள் இதைச் சாப்பிடமாட்டார்கள். பல் போய்விடும். மீன்காரர்களிடம் போனீர்களா?”

ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் கீழே இலிஷ் மீனுக்கு உப்புப் போடும் கொட்டகைகள் இருந்தன. பொடி உப்பு உடனே கரைந்து ஓடிவிடுமாம், மீன் கெட்டுப்போகுமாம். பெரிய கல்லாக இருந்தால் மெதுவாகக் கரைந்து உள்ளே இறங்குமாம். “அங்கே ஆர்டர் கிடைத்தால் சுமக்கிறவர்கள் நாங்கள்தான். அதற்காகத்தான் சொல்கிறேன்” என்று வெளிப்படையாகவே சொன்னான். கல்கத்தாவில் எனக்கு யோசனை சொன்னவர்களில் தன் லாபத்தை முதலிலேயே சொன்னவன் அவன் ஒருவன்தான்.

ஆக, தலைமுறை தலைமுறையாகச் சைவமான நாங்கள் மூன்று பேரும் மீன் கொட்டகைக்குப் போனோம். சிவசங்கரம் பிள்ளை வாசலோடு நின்றுவிட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், மூச்சு விடவேண்டி வந்ததும் வெளியே ஓடிவந்தேன். செல்லம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, செதில் ஒட்டிய தரையில் நடந்துபோய் பேச்சை ஆரம்பித்தாள்.

கொட்டகைக்காரி பெயர் மோட்சதா. ஐம்பது வயது விதவை. முழங்கைவரை உப்பு பூத்திருந்தது. எங்கள் உப்பில் ஒரு பிடி எடுத்து, பிளந்து வைத்திருந்த மீனுக்குள் அப்பி, மேலே கல்லைத் தூக்கி வைத்தாள். மறுநாள் வரச் சொன்னாள். மறுநாள் மீனைப் பிரித்து, மோந்து, விரலால் அழுத்திப் பார்த்தாள். சுதேசியா விலாயத்தியா என்று கேட்கவே இல்லை.

“நன்றாகப் பிடித்திருக்கிறது. நானும் இந்த வரிசையில் இருக்கிற மற்றவர்களும் சேர்ந்து வாங்கிக்கொள்கிறோம். இதைச் செய்வது யார்?”

“பெண்கள்தான்” என்றாள் செல்லம்மாள், என் சார்பில்.

மோட்சதா தன் கைகளை என் பக்கம் நீட்டிக் காட்டினாள். விரலிடுக்குகளில் உப்பு அரித்த புண்கள். “அவர்களுக்குக் காலிலும் இருக்குமே” என்றாள். முத்துமாரியின் கால்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டத்திலும் அதைப் பற்றிப் பேச எனக்குத் தோன்றவில்லை.

அது முழுக் கப்பல் இல்லை. கரையோரக் கப்பல் ஒன்றின் கால்வாசி இடத்துக்கு வந்தது. தந்தி ஆபீஸில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதினேன். சிவசங்கரம் பிள்ளை அதை வாங்கி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ‘உப்பு விற்றது, ஆள் எடுக்கவும்’ என்ற அளவில் எழுதிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்தபோது மூட்டை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. தை பிறந்ததும் முதலாளி பாதிப் பாத்திகளில் ஆள் இறக்கினார். முத்துமாரி இலங்கைக்குப் போகவில்லை. நம் உப்பைக் கல்கத்தாக்காரர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள். அங்கே மீன்கள்தான் சாப்பிடுகின்றன என்றேன். நான் வழக்கம்போல அளக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

அடுத்த வருஷம் மோட்சதாவிடமிருந்து ஆர்டர் வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. அவள் சொல்ல யாரோ எழுதி, செல்லம்மாள் தமிழாக்கி அனுப்பியிருந்தாள். அரேபியாவின் ஏடன் துறைமுகத்திலிருந்து கல் உப்பு கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறதாம். உங்களுடையதைவிட விலை குறைவு, மீனிலும் நன்றாகவே பிடிக்கிறது, வரிசையில் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள், நான் மட்டும் கூடுதல் விலைக்கு வாங்கினால் என் மீன் விற்காது, மன்னிக்கவும் என்று இருந்தது.

அதில் எந்த வரியிலும் என்னால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. நானாக இருந்தாலும் ஏடன் உப்பைத்தான் வாங்கியிருப்பேன். அந்த மாதமே முத்துமாரி பிள்ளைகளோடு கொழும்புக் கப்பல் ஏறினாள்.

கடிதத்தின் அடியில் மோட்சதா ஒரு கேள்வி கேட்டிருந்தாள். உங்கள் அளத்துப் பெண்களுக்கு வேறு வேலை இருக்கிறதா, எழுதவும் என்று. அதற்கு நான் எந்த மொழியிலும் இன்னும் பதில் எழுதவில்லை.